செல் விட்டுச் செல் செல்லும் செல்பேசி

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்

சென்ற கல்வியாண்டில் சேலத்தில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சி ஒன்றைக் காண, எங்கள் வகுப்பு மாணவியர் பன்னிருவர் நல்லம்பள்ளியிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்களும் உடன் வந்தார்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும்வரை எங்கள் கையில் கைப்பேசி இருக்கலாகாது என்பது பெற்றோர் அனைவரும் அறிந்த விதி. ஆகவே பன்னிரண்டு பேருக்கும் சிஸ்டரின் கைப்பேசி ஒன்றுதான்.

பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியபோது எங்களுள் ஒருத்திக்கு, மதியச் சாப்பாட்டுத் தூக்கை வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. சிஸ்டரிடம் கேட்டுத் தன் அம்மாவை அழைத்தாள். பேருந்து கட்டமேட்டைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கியது. "சாப்பாட்டை எடுத்து உள்ளே வையுங்க, நாய் இழுத்திடும்" என்று சொல்லிவிட்டு, "அம்மா, பஸ்ஸு இப்போ..." என்று அடுத்த செய்தியைத் தொடங்கினாள். அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. டவர் இல்லை என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டோம்.

ஆனால் நல்லம்பள்ளியில் இருந்த அந்த அம்மாவின் காதில் விழுந்தது என்ன? "அம்மா, பஸ்ஸு..." என்ற ஒரு கூவல். பிறகு நிசப்தம். தொப்பூர் கணவாய் என்றாலே இப்பக்கத்து மக்களுக்கு நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் லாரிகளைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிக்காத ஆண்டு உண்டா? அவர் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும், தாங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஓர் இனிய பெண்குரல் கூறியிருக்கிறது. செருப்புக்கூட அணியாமல் நெடுஞ்சாலைவரை ஓடி, சேலத்திலிருந்து வந்த பேருந்து ஒன்றை நிறுத்தி, "வழியில ஏதாச்சும் பஸ் அடிபட்டுக் கெடக்குதுங்களா?" என்று நடத்துநரைக் கேட்டிருக்கிறார். நாங்கள் தொப்பூரைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் சிஸ்டரின் கைப்பேசி ஒலித்தது. "எம் புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா சிஸ்டர்?" என்று கேட்டபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை.

நாங்கள் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. "அந்தத் தாய் பட்ட பாட்டிற்குக் காரணம் என்ன என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? டவர் இல்லை என்று சொல்லாதீர்கள். மேலேயும் டவர் இருந்தது, கீழேயும் டவர் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று கண்டறிந்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்றார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

'செல்' என்பது யாது?

செல்போன், செல்போன் என்கிறோமே, அதிலுள்ள 'செல்' எது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? உயிரியலில் நாம் படிக்கும் செல்லின் பெயர்தான் அது. உடல் பல செல்களால் ஆனதுபோல, ஒரு நிலப்பரப்பைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஓர் அலைபரப்பி வைத்து, அவ்வறைக்குள் இருப்பவர்களை அதன் பொறுப்பில் விடுவது என்பதே செல்போனின் அடிப்படை.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1946இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் காரில் வைத்துப் பேசும் தொலைபேசி அறிமுகமானது. ஊர் முழுவதற்கும் ஓங்கிய ஆற்றலுடன் ஒரே அலைபரப்பி. கிடைத்த அலைவரிசைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தால் ஊரில் வேறு எவரும் அதைத் தொட முடியாது. நம் நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டி. எச். ரிங் என்பவர் தம் அலுவலகத்திற்கு ஒரு குறிப்பு எழுதினார். பெரிய அலைபரப்பி ஒன்றிற்குப் பதிலாகச் சிறியவை பல வைப்போம்; பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு வெவ்வேறு அலைவரிசை கொடுப்போம்; சற்றுத் தள்ளியுள்ள அறையில் முதல் அலைவரிசையையே மீண்டும் பயன்படுத்துவோம் என்பதே அக்குறிப்பின் சாரம். தேனடைபோல் அறுகோண அறைகளாக வரைபடத்தில் போடுவது வழக்கமாயிற்று. உண்மையில் எந்தச் செல்லும் அறுகோணமாக இராது. தரையில் கொட்டிய கேழ்வரகு மாவைப்போல் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும், குன்று குறுக்கிட்டால் பிளந்தும் கிடக்கும். மேலும், ஒரு டவர் என்றால் ஒரு செல் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான டவர்களின் உச்சியில் மூன்று திசை நோக்கி அலைபரப்பிகள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு திசையும் தனித்தனிச் செல். டவரைச் சுற்றி நடந்தாலே செல் மாறிவிடும்.

ரிங்கின் யோசனை நல்லதுதான். ஆனால் அதனுடன் ஒரு தொல்லையும் பிறந்தது. அறைகள் சிறியவை என்றால், காரில் செல்பவர் பேசி முடிப்பதற்குள் அறையின் எல்லையைத் தாண்டிவிடுவாரே! அப்போது அவரை அடுத்த அறையிடம் ஒப்படைக்க வேண்டும், அதுவும் பேச்சு அறுபடாமல். 1947இல் அதற்குரிய கருவிகளும் கணிப்பொறிகளும் இல்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, அதே ஆய்வுக்கூடத்தின் ஏமஸ் ஜோயல், ஓடும் வண்டியின் அழைப்பைச் செல்லுக்குச் செல் மாற்றிவிடும் இணைப்பகத்திற்கு 1972இல் காப்புரிமை பெற்றார். 1979இல் டோக்கியோவிலும், 1983இல் சிக்காகோவிலும் செல் முறைத் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது முதல் அழைப்பு. இருவரும் அமர்ந்த இடத்திலிருந்தே பேசினார்கள். ஆகையால் நாம் இங்கு கூறவந்த வித்தைக்கு அன்று வேலை இருந்திராது.

இவ்வித்தையை ஆங்கிலத்தில் 'ஹேண்ட்ஓவர்' என்பார்கள். நாம் கைமாற்றம் என்போம். மாதக் கடைசியில் அண்டை வீட்டில் வாங்கும் கைமாற்றுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்!

பையில் உறங்கும் கைப்பேசி

கைப்பேசி பேச்சில் இல்லாமல் சும்மா பையில் கிடக்கும்போது நடப்பது ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போது நடப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறியாமல்தான் நாங்களும் முதலில் குழம்பினோம்.

சும்மா இருக்கும் கைப்பேசி பெரும்பாலும் உறங்குகிறது. 4ஜி முறையில் பொதுவாக 1.28 விநாடிக்கு ஒருமுறை கண் விழித்து, தான் சார்ந்த டவர் தன்னை அழைக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் மீண்டும் உறக்கம். பாட்டரி ஒரு நாள் தாங்குவதன் இரகசியம் இதுவே. பேருந்து நகர நகர, வேறு டவரின் அலை வலுவாகக் கேட்டால், கைப்பேசி தானாகவே அதற்குத் தாவிக்கொள்ளும். யாரையும் கேட்காது, பெரும்பாலும் யாரிடமும் சொல்லவும் செய்யாது. நம் கைப்பேசி எந்த டவரில் இருக்கிறது என்பது நிறுவனத்திற்கு நொடிக்கு நொடி தெரியும் என்பது பலரது எண்ணம். அது சரியன்று. பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாக வகுத்திருப்பார்கள். வட்டார எல்லையைத் தாண்டும்போதும், இடையிடையே குறித்த காலத்திற்கு ஒருமுறையும் மட்டுமே கைப்பேசி 'இங்கிருக்கிறேன்' என்று பதிவு செய்யும். அதற்கு ஓர் அழைப்பு வந்தால், அவ்வட்டாரத்து டவர்கள் கிராமத்தில் தண்டோரா போடுவதுபோல அதன் அடையாளத்தைக் கூவும். விழித்துக் கேட்ட கைப்பேசி பதில் கொடுக்கும். பதில் வரவில்லையென்றால்தான் அந்த இனிய பெண்குரல்.

சேலம் - தர்மபுரி இருப்புப் பாதையில் சிவாடி வழியாக ஓடும் இரயிலை நினைத்துப் பாருங்கள். வட்டார எல்லை ஒன்றை அது கடக்கும் சில நொடிகளில், பெட்டிகளில் உள்ள நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒரே நேரத்தில் 'இங்கிருக்கிறேன், இங்கிருக்கிறேன்' என்று முண்டியடிக்கும். காலை மணி அடித்ததும் எங்கள் பள்ளி வாயிலில் நடப்பதும் இதுவேதான். அதனால் எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்பதையும் பொறியாளர்கள் எண்ணிப் பார்த்தே வகுக்கிறார்கள்.

பேசும்போது அதிகாரம் யாருடையது?

இனிப் பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசிக்கு வருவோம். இங்கே கைப்பேசிக்குத் தன்னிச்சை இல்லை. அளப்பது மட்டுமே அதன் வேலை; முடிவு செய்வது டவரின் பக்கத்துக் கருவிகளின் வேலை.

இதை எங்கள் பள்ளி வழக்கத்தாலேயே விளக்கலாம். 'அ' பிரிவில் கடைசி வரிசையில் இருக்கும் ஒருத்திக்குத் தன் ஆசிரியையின் குரல் சரியாகக் கேட்கவில்லை; மதிலுக்கு அப்பால் 'ஆ' பிரிவு ஆசிரியையின் குரல் கணீரென்று கேட்கிறது. அதற்காக அவள் தானே எழுந்து 'ஆ' பிரிவுக்குப் போய்விட முடியுமா? அங்கே பெஞ்சில் இடம் இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரியாது. தன் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். அவர் 'ஆ' பிரிவு ஆசிரியையைக் கேட்பார். அவர் இடம் ஒதுக்கி, எத்தனையாவது வரிசை என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவார். அச்சீட்டு இவள் கைக்கு வந்தபின்தான் இவள் எழுந்து போகலாம்.

கைப்பேசியும் அவ்வாறே. பழைய 2ஜி முறையில், பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒருமுறை, தன் டவரின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது, சுற்றியுள்ள செல்களில் மிக வலுவான ஆறு எவை, அவற்றின் அலை எவ்வளவு என்று அறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் மூச்சு விடாமல் கதை பேசும்போதும் அது தன் கடமையில் தவறுவதில்லை. 4ஜியில் ஓயாத அறிக்கை தேவையில்லை. 'பக்கத்துச் செல் இன்ன அளவுக்கு மேல் வலுத்தால் சொல்' என்று டவர் முன்னரே கட்டளையிட்டுவிடும். அறிக்கை வந்ததும் பழைய டவர் புதிய டவரைக் கேட்கும். புதியது இடம் ஒதுக்கி, எந்த அலைவரிசை, என்ன அடையாளம் என்ற விவரங்களைத் திருப்பி அனுப்பும். இவ்வளவும் டவர்களுக்கிடையே நடக்கும் பேச்சு. கைப்பேசிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பழைய டவர், 'இனி அங்கே போ' என்று கட்டளை கொடுக்கும். கைப்பேசி பழையதை விட்டுப் புதியதைப் பிடித்து, 'வந்துவிட்டேன்' என்று சொல்லும். இடையே பேச்சு நிற்பது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவே. நம் செவிக்கு அது புலப்படாது.

ஒன்றை விட்டபின் மற்றொன்றைப் பிடிக்கும் இம்முறைக்கு மாறாக, இரண்டையும் சிறிது நேரம் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும் முறையும் இருந்தது. நடை பழகும் குழந்தை ஒரு கையில் தந்தையின் விரலையும் மறு கையில் தாயின் விரலையும் பற்றி நடந்து, பிறகு தந்தையை விடுவதுபோல. நம் நாட்டில் 2003க்குப் பின் பரவிய சி.டி.எம்.ஏ. கைப்பேசிகளும், பின்னர் வந்த 3ஜியும் இவ்வகை. கேட்க இது எவ்வளவோ மேலானதாகத் தோன்றுகிறது. ஆனால் ஒருவருக்காக இரண்டு டவர்கள் இடம் ஒதுக்க வேண்டும். 4ஜியை வகுத்தவர்கள் அச்செலவை விரும்பாமல் மீண்டும் விட்டுப் பிடிக்கும் முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

அவசரமும் ஆகாது, தாமதமும் ஆகாது

அடுத்த டவர் சற்றே வலுத்தவுடன் மாற்றிவிட்டால் என்ன? இங்கேதான் பொறியாளர்களின் மதிநுட்பம் விளங்குகிறது.

அலையின் வலு ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். நம் வடிவியல் பெட்டிக்குள் அடங்காத நீண்ட அளவுகோலைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. சுவரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பும் அலைகள், நேரே வரும் அலையுடன் கூடியும் கழிந்தும் விளையாடுவதால், கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினாலே வலு பலமடங்கு ஏறலாம், இறங்கலாம். இரு டவர்களுக்கும் நடுவில் வீடு உள்ள ஒருவர், பேசிக்கொண்டே கூடத்தில் உலாவினால், ஒரு கணம் இது வலுக்கும், மறுகணம் அது வலுக்கும். ஒவ்வொரு முறையும் மாற்றினால் அழைப்பு பூப்பந்துபோல் இங்கும் அங்கும் பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு தாவலிலும் தவறி விழும் வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டு கட்டுப்பாடுகளை வைத்தார்கள். புதியது சமமாக இருந்தால் போதாது, இன்ன அளவு மிகுந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அம்மிகுதி இன்ன நேரம் நீடிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

வலுவை டெசிபல் என்ற அளவையால் குறிப்பார்கள். 3 டெசிபல் கூடினால் இருமடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. கைப்பேசி பிடிக்கும் அலையோ மிக மிக நுண்ணியது. தொலைவில் உள்ள டவரிலிருந்து வரும்போது ஒரு வாட்டில் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்குகூட இராது. அதிலிருந்தும் அம்மாவின் குரலைப் பிரித்தெடுத்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 'பக்கத்துச் செல் 3 டெசிபல் மிகுந்து, அது 320 மில்லி விநாடி நீடித்தால் சொல்' என்று ஒரு டவர் கட்டளையிட்டிருக்கலாம். இந்த எண்கள் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. நெடுஞ்சாலைக்கு ஒன்று, கடைவீதிக்கு ஒன்று என்று இடத்திற்கு ஏற்ப வைப்பார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பூப்பந்தாட்டம், இறுக்கினால் தாமதம். இரண்டையும் ஒருசேர ஒழிக்க வழியில்லை.

கணவாயில் நடந்தது என்ன?

தாமதத்தால் என்ன நேரும் என்பதற்குத் தொப்பூரைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. தர்மபுரிப் பீடபூமியிலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வழி அது. இருபுறமும் மலை. சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. சமவெளியில் ஒரு டவரை விட்டு விலகும்போது அதன் வலு மெல்ல மெல்லக் குறையும்; அடுத்ததன் வலு மெல்ல மெல்லக் கூடும்; மாற்றிக்கொள்ள வேண்டிய அவகாசம் கிடைக்கும். மலை வளைவில் அப்படியன்று. பாறை ஒன்று குறுக்கே வந்ததும், சில பத்து மீட்டர்களுக்குள் அலை 20 டெசிபல் வீழ்ந்துவிடலாம், அதாவது நூறில் ஒரு பங்காகிவிடலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஒரே ஓர் அளவீட்டை நம்பி முடிவெடுக்க முடியாதாகையால், பழைய முறையில் பல அறிக்கைகளின் சராசரியைப் பார்ப்பார்கள். அதற்கு மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டால் பேருந்து 50 மீட்டர் சென்றிருக்கும். வளைவைத் தாண்ட அது தாராளம்.

இனி, எங்களுக்கு மிகவும் வியப்பளித்த செய்தியைக் கூறுகிறோம். துண்டுச் சீட்டை மாணவியின் கையில் கொடுக்க வேண்டியவர் யார்? பழைய ஆசிரியை. அதாவது, 'அங்கே போ' என்ற கட்டளை, நாம் விட்டுப் பிரியப்போகும் டவரிலிருந்துதான் வர வேண்டும். மங்கிக்கொண்டிருக்கும் அந்த அலையின் வழியாகத்தான் வர வேண்டும். கீழே சமவெளி டவர் இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருக்கும். மேலே பழைய டவர் கட்டளையைக் கூவிக்கொண்டிருக்கும். நடுவே மலை. கட்டளை கைப்பேசியை எட்டாது. எட்டாததால் கைப்பேசி நகராது. நமது அழைப்பு அறுவது டவர் இல்லாததால் அன்று. இருக்கிற டவருக்குப் போகச் சொல்லும் சொல் காதில் விழாததால்!

இதை முதன்முதலில் சிஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, எங்களுள் ஒருத்தி, "அப்படியானால் கைப்பேசியே துணிந்து போய்விட வேண்டியதுதானே சிஸ்டர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போகவும் செய்கிறது, ஆனால் கடைசியில். அலை மங்கியதும் கைப்பேசி உடனே நம்பிக்கை இழப்பதில்லை. 4ஜியில் ஏறத்தாழ ஒரு விநாடி பொறுத்துப் பார்க்கும். மீண்டும் அலை வரவில்லையென்றால் தொடர்பு அறுந்தது என்று முடிவு கட்டி, தானே சுற்றிலும் தேடும். கிடைத்த டவரிடம், 'நான் இன்னார், பாதிப் பேச்சில் வந்திருக்கிறேன், தொடர முடியுமா?' என்று கேட்கும். அந்த டவருக்கு இந்தக் கைப்பேசியைப் பற்றிய விவரம் முன்பே வந்திருந்தால் பேச்சு ஓரிரு விநாடி விக்கித் தொடரும். வந்திராவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அத்தகைய இடைவெளியில்தான் அந்த அம்மா மீண்டும் மீண்டும் அழைத்திருக்கிறார். தேடிக்கொண்டிருக்கும் கைப்பேசியின் காதில் தண்டோரா விழாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2ஜி, 3ஜி முறைகளில் சுற்றியுள்ள செல்கள் எவை என்ற பட்டியலை டவரே கைப்பேசிக்குத் தரும். பட்டியலில் உள்ளவற்றையே கைப்பேசி அளக்கும். மலைக்கு அப்பாலுள்ள டவர் வரைபடத்தில் தொலைவு என்று கருதிப் பட்டியல் எழுதியவர் அதை விட்டுவிட்டால், வளைவு திரும்பியதும் அதுவே கண்ணுக்கு நேரே நின்றாலும் பயனில்லை. 4ஜி கைப்பேசி பட்டியலில் இல்லாத அயல் செல்லையும் தானே கண்டு சொல்லும். டவரும் அதைக் குறித்துக்கொண்டு பட்டியலைத் திருத்திக்கொள்ளும். இது ஒரு நல்ல முன்னேற்றம்.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. பக்கத்தில் வேறு நிறுவனத்தின் டவர் எவ்வளவு வலுவாக இருந்தாலும், நம் அழைப்பு பொதுவாக அதற்குக் கைமாறாது. கைமாற்றம் ஒரே நிறுவனத்தின் செல்களுக்குள்தான். இதற்கு விலக்கு, நம் நாட்டின் அவசர உதவி எண்ணான 112. தன் நிறுவனத்தின் அலை சிறிதும் கிடைக்காத இடத்தில் 112ஐ அழைத்தால், கைப்பேசி வேறு எந்த நிறுவனத்தின் அலை கிடைத்தாலும் அதன் வழியே முயலும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று தோன்றுவதன் பொருள் இதுவே. கணவாயில் பயணம் செய்பவர்கள், அடையாளமே இல்லை என்று கைப்பேசியைப் பையில் போட்டுவிடுமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

திரும்பி வந்தபோது

மாலையில் சேலத்திலிருந்து திரும்புகையில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். எந்தச் செல்லில் இருக்கிறோம் என்று காட்டும் செயலி ஒன்று சிஸ்டரின் கைப்பேசியில் இருந்தது. ஒருத்தி திரையைப் பார்த்து எண்ணைப் படித்தாள். ஒருத்தி சன்னல் வழியே பார்த்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். மற்றொருத்தி குறிப்பேட்டில் எழுதினாள். மீதிப் பேர் திரையை எட்டிப் பார்த்து முட்டிக்கொண்டார்கள். ஓமலூரில் பேருந்து நிற்கும்போதே எண் இருமுறை மாறி மீண்டும் பழைய எண்ணுக்கே வந்தது. பூப்பந்தாட்டத்தைக் கண்ணால் கண்டோம்! தீவட்டிப்பட்டியைத் தாண்டிய சமவெளியில் எண்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக மாறின. தொப்பூரில் ஏறத் தொடங்கியதும் ஒரே எண் பிடிவாதமாக நின்றது. வலு மட்டும் குறைந்துகொண்டே போயிற்று. இரட்டைப் பாலத்திற்கு மேல் ஒரு வளைவில் திரை வெறுமையாகி, சற்று நேரத்தில் முற்றிலும் புதிய எண் தோன்றியது. பையில் உறங்கும் நிலையில் இருந்ததால் கைப்பேசி தானே தேடிப் பிடித்துக்கொண்டது. பேச்சில் இருந்திருந்தால் காலையில் நடந்ததே மீண்டும் நடந்திருக்கும்.

இக்குறைக்கு ஒரு மருந்தைப் பொறியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2020இல் வகுக்கப்பட்ட 5ஜி விதிகளில் அது இடம் பெற்றுள்ளது. பழைய டவர் தன் குரல் நன்றாகக் கேட்கும்போதே, முன்கூட்டியே, கைப்பேசியிடம் சீட்டைக் கொடுத்துவிடும்: 'இன்ன டவரில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதன் அலை இவ்வளவு வலுத்தால், என் கட்டளைக்குக் காத்திராமல் நீயே போய்விடு.' மலை குறுக்கிட்டாலும் சீட்டு கையில் இருக்கும். விதியில் எழுதப்பட்டதெல்லாம் எல்லா டவர்களிலும் நடைமுறையில் இருக்கிறது என்று கருதிவிட வேண்டாம். கைப்பேசியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இதைப் பற்றி நாங்கள் படித்தறிந்தது பிறகுதான். ஆனால் அன்று மாலை, பேருந்து தொப்பூரில் நின்று கணவாயில் ஏறுமுன், தூக்கை மறந்துவிட்டு வந்தவள் சிஸ்டரிடம் கைப்பேசியை மீண்டும் கேட்டு வாங்கினாள். "அம்மா, கணவாய்க்கு வந்துட்டோம். இப்போ லைன் கட்டாகும், பயப்படாதீங்க. சுங்கச்சாவடி தாண்டினதும் நானே கூப்பிடறேன்" என்றாள். மறுமுனையில் அவள் அம்மா, "சரி கண்ணு, நான் ரோட்டோரந்தான் நிக்கிறேன்" என்றார்.